'பேச்சிழப்பு' வேண்டாம், 'மொழித்தேய்வு' சரிவருமா?

> 'முற்போக்குப் பேச்சிழப்பு' என்றே வைத்துக்கொள்ளலாமே

ஐயா, மொழித்திறன் மெல்ல மெல்லக் குறையும் மூளைநோயான Primary Progressive Aphasia-வுக்கு நீங்கள் சொன்ன தமிழ்ப்பெயர் இது. 'முற்போக்கு' என்றதும் யாரோ மாநாடு கூட்டுகிற மாதிரி இருக்கிறது, அதை முதலில் எடுத்துவிடுவோம். எனக்கு உறுத்துவது 'பேச்சிழப்பு'தான்.

மதுரை கீழமாசி வீதியில் 30 வருடம் பலசரக்குக் கடை வைத்திருந்த எங்கள் பெரியப்பாவுக்கு இந்த நோய். குரல் அப்படியே இருக்கிறது, கணக்கும் பிசகாது. போன வாரம் "செல்வம்... பணம்... குடு" என்றார். செல்வம் கொடுத்துவிட்டானா, செல்வத்துக்குக் கொடுக்கணுமா, செல்வம்தான் இன்னும் கொடுக்கணுமா? ஒரு 'க்கு' விழுந்ததில் வரவு எது செலவு எது என்றே தெரியவில்லை. கடைசியில் தன் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார், வரவேண்டிய பாக்கியாம்.

பக்கவாதத்தில் ஒரே நாளில் போவதை இழப்பு என்று சொல்லலாம். இது வருடக்கணக்கில் தேய்வது. 1982-ல் நரம்பியல் மருத்துவர் மெசுலம் 6 நோயாளிகளைப் பற்றி எழுதியபோது, மெதுவாக முற்றுவது, பொதுவான அறிவுத்தேய்வு (dementia) இல்லாதது என்ற இரண்டையும் தலைப்பிலேயே வைத்துவிட்டார். 'தேய்வு' என்றால் முதலாவது தானாக வந்துவிடும். வெளிநாட்டில் வளரும் பிள்ளைகள் தமிழை மறப்பதையும் மொழித்தேய்வு என்பார்களே என்று அக்கா கேட்டது நியாயம்தான், அதனால் 'மொழித்தேய்வு நோய்'.

அப்புறம் உட்பிரிவுகள். 2011-ல் வல்லுநர்கள் இந்த நோயை மூன்றாக வகுத்தார்கள். சொல்லின் பொருளே மறைவது 'பொருள்தேய்வு', சொல் வாய்க்கு வராமல் தவிப்பது 'சொல்திணறல்', இந்த இரண்டிலும் யாருக்கும் தகராறு இருக்காது என்று நினைக்கிறேன். இலக்கணம் குலையும் வகைதான் சிக்கல். 'ஐ', 'க்கு' மாதிரி வேற்றுமை உருபுகள் போவதற்கு நீங்கள் சொன்ன 'உருபிழப்பு' அழகான சொல், ஆனால் 'மதுரை போனேன்', 'காபி குடித்தேன்' என்று நாம் எல்லோரும் நாள் முழுக்க உருபைத் தொகுத்துத்தானே பேசுகிறோம், அது நோயா? 'உருபு மயக்கம்' என்றால் இலக்கணத்தில் அதற்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது, ஒரு உருபு இன்னொன்றின் பொருளில் வருவதுதான் அது. போதாததற்கு வினையின் கடைசியில் வரும் விகுதியும் தடுமாறுகிறது. பெரியம்மாவைக் காட்டி "வந்தான்" என்கிறார், பெரியம்மா சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறார். உருபு, விகுதி இரண்டும் போனால் உடைவது தொடர்தான். அதனால் 'தொடர்க்குலைவு' என்கிறேன்.

நடுவில் 'க்' போட்டது சரிதானா? 'தொடரின் குலைவு' என்று விரியும் ஆறாம் வேற்றுமைத் தொகை என்று எடுத்துக்கொண்டு போட்டேன். தப்பென்றால் திருத்துங்கள்.