ஸ்காட்லாந்துக் கோயில் பங்குப் பதிவேட்டில் ஒரே பெயரில் இரண்டு பேர்: எங்கள் பூட்டன் யார்? (உதவி தேவை)

கொட்டகலைக்காரி:
வணக்கம். அவசரமாக ஒரு உதவி. எங்கள் அம்மாவின் பூட்டன் இலங்கைத் தோட்டத்தில் இருந்த ஒரு ஸ்காட்லாந்துத் துரை, பெயர் வில்லியம். ஸ்காட்லாந்து அரசின் ஆவணத் தளத்தில் தேடினால் ஒரே பெயரில் இரண்டு ஞானஸ்நானப் பதிவுகள் வருகின்றன, இரண்டும் ஒரே வருடம். எது எங்கள் ஆள் என்று எப்படி உறுதி செய்வது? அம்மாவுக்கு 84 வயது. அவர் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேர்தேடி:
எந்த வருடம்? எந்தக் கவுண்டி, எந்தப் பங்கு (கோயில் வட்டாரம்)? பெற்றோர் பெயர் என்ன போட்டிருக்கிறது? அவர் இலங்கையில் எப்போது, எங்கே இறந்தார்? இதெல்லாம் இல்லாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாதே.

பழைய_ஏடு:
இங்கே வாரம் ஒருவர் இப்படித்தான் வருகிறார். முதலில் அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள். 1855 ஜனவரி 1-க்குப் பிறகுதான் ஸ்காட்லாந்தில் அரசுப் பதிவு. அதற்கு முன் இருப்பது பெரும்பாலும் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பங்குப் பதிவேடுகள்தான். எரல் பங்கில் 1553-லேயே தொடங்கிவிட்டது, பல ஊர்களில் 1700-க்குப் பிறகுதான். எழுதியவர் சபை எழுத்தர். அவர் விட்டால் விட்டதுதான். தளத்தின் தேடல் பட்டியலைப் பார்த்துவிட்டு 'கிடைத்துவிட்டது' என்று குதிப்பவர்களுக்கு இது புரிவதே இல்லை.

கொட்டகலைக்காரி:
மன்னிக்கவும் ஐயா, விவரம் இதோ. கின்கார்டின்ஷயர். ஒருவர் ஃபோர்டூன் பங்கு, 1836 பிப்ரவரி. தாய் பெயர் ஐசபெல். இன்னொருவர் மேரிகர்க் பங்கு, 1836 ஆகஸ்ட். தாய் பெயர் ஜீன். குடும்பப் பெயரைப் பொதுவில் போட விருப்பமில்லை, அந்தப் பக்கம் ரொம்பச் சாதாரணமான பெயர். தலவாக்கலைப் பக்கம் கல்லறை இருக்கிறது: '1883 நவம்பர், வயது 47, கின்கார்டின்ஷயரில் பிறந்தவர்'. அவருக்கும் தோட்டத்தில் வேலை செய்த ஒரு தமிழ்ப் பெண்ணுக்கும் பிறந்த மகள் பெயர் ஐசபெல். அவர்தான் அம்மாவின் அப்பாவைப் பெற்றவர்.

வேர்தேடி:
அட, விடை உங்கள் கையிலேயே இருக்கிறதே! ஸ்காட்லாந்தில் பெயர் வைக்க ஒரு முறை உண்டு. முதல் மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர். முதல் மகளுக்கு அம்மாவின் அம்மா, இரண்டாவது மகளுக்கு அப்பாவின் அம்மா. இங்கே தாய் தமிழ்ப் பெண். அதனால் துரை தன் அம்மா பெயரையே வைத்திருக்கிறார். ஃபோர்டூன்தான், சந்தேகமே இல்லை.

பழைய_ஏடு:
சந்தேகம் இருக்கிறது. அந்த முறை வழக்கம், சட்டம் அல்ல. மேர்ன்ஸ் பகுதியில் (கின்கார்டின்ஷயரின் இன்னொரு பெயர்) ஐசபெல் என்று கூப்பிட்டால் தெருவில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மேரிகர்க் ஜீனின் தாய்க்கும் அதே பெயர் இருக்கலாம், வில்லியமின் தங்கைக்கும் இருக்கலாம். 1836-ல் பிறந்த இருவருக்குமே 1883 நவம்பரில் வயது 47தான். கல்லறையும் உதவாது.

எடின்பரோ_அக்கா:
கொட்டகலைத் தங்கச்சி, கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். 'எது நம்ம ஆள்' என்று தேடாதீர்கள். 'யார் நம்ம ஆளாக இருக்கவே முடியாது' என்று தேடுங்கள். இரண்டு வில்லியம்களில் ஒருவர் ஸ்காட்லாந்திலேயே இருந்து வாழ்ந்து முடித்தவர் என்று காட்டிவிட்டால் அவர் பட்டியலிலிருந்து போய்விடுவார்.

1841 கணக்கெடுப்பில் உறவுமுறை எழுதவில்லை, 15-க்கு மேற்பட்டவர்களின் வயதையும் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்துப் போட்டார்கள். ஆனால் இவர்கள் இருவரும் அப்போது நான்கைந்து வயதுக்காரர்கள், சரியான வயதே இருக்கும். 1851-ல் உறவுமுறையும் பிறந்த பங்கும் வந்துவிடும். அப்புறம் 1855-க்குப் பிந்தைய இறப்புப் பதிவுகளைப் பாருங்கள். ஸ்காட்லாந்து இறப்புப் பதிவில் இறந்தவரின் தகப்பன் பெயரும், தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் இருக்கும். அங்கே பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பதிவுகளில் பிறந்த வீட்டுப் பெயரை விடுவதில்லை, நமக்கு அது பெரிய வரம். தேடல் பட்டியலில் இதெல்லாம் வராது, காசு கட்டிப் பதிவின் படத்தைத் திறந்து பார்க்க வேண்டும். ஞானஸ்நானப் பதிவுகளின் படங்களையும் திறந்து பாருங்கள். தகப்பனின் தொழில், பண்ணையின் பெயர், சாட்சிகள் சில சமயம் இருக்கும்.

மலைச்சாரல்:
எதற்கு இவ்வளவு? அம்மாவுக்கு மரபணுச் சோதனை செய்யுங்கள். உங்களுக்கு வேண்டாம், அம்மாவுக்கு. ஒரு தலைமுறை கிட்ட இருக்கிறார். அந்த ஊர்க்காரர் யாராவது பொருந்தினால் முடிந்தது.

பழைய_ஏடு:
முடியாது. பக்கத்துப் பக்கத்துப் பங்கு, ஒரே குடும்பப் பெயர். இரண்டு தகப்பன்களும் அண்ணன் தம்பியாக இருந்தால் இரண்டு கிளைக்காரரும் பொருந்துவார்கள். ஏடு இல்லாமல் எச்சில் மட்டும் வைத்து யாரும் யாரையும் நிரூபிக்க முடியாது.

லயத்துப்_பிள்ளை:
எனக்கு இந்தத் தேடலே வலிக்கிறது. துரைக்குக் கல்லறை இருக்கிறது, வயதோடு கல்வெட்டு இருக்கிறது. அந்தப் பாட்டியின் பெயர் என்ன? அவருக்குக் கல் வைத்தது யார்? நம் ஆட்கள் வெள்ளைக்காரப் பூட்டனைத் தேடுகிற ஆசையில் பாதியாவது பாட்டிக்குக் காட்டினால் என்ன?

மலைச்சாரல்:
தம்பி, அவர் கேட்டது ஞானஸ்நானப் பதிவு பற்றி. அரசியல் வேறு இழையில்.

லயத்துப்_பிள்ளை:
இது அரசியல் இல்லை அண்ணா. எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பாட்டி. பேர் ஊர் எதுவும் இல்லை, கதை மட்டும்தான்.

கொட்டகலைக்காரி:
எங்கள் பாட்டியின் பெயர் யாருக்கும் தெரியவில்லை. அம்மாவைக் கேட்டால் அழுகிறார். அதனால்தான் கிடைக்கிற நுனியைப் பிடித்து இழுக்கிறேன்.

எடின்பரோ_அக்கா:
லயத்துப்_பிள்ளை சொல்வதில் நியாயம் இருக்கிறது, வழியும் இருக்கிறது. மகள் ஐசபெல்லின் ஞானஸ்நானமும் கல்யாணமும் மலையகத்தில் எந்தக் கோயிலில் நடந்தன என்று விசாரியுங்கள். தாயின் பெயர் எங்காவது எழுதப்பட்டிருந்தால் அந்த ஏடுகளில்தான் இருக்கும்.

துரை பக்கத்துக்கு இன்னும் இரண்டு இடம். ஒன்று, ஊரில் பெற்றோர் கல்லறை. வெளிநாட்டில் இறந்த மகனையும் அதே கல்லில் 'இலங்கையில் காலமானார்' என்று சேர்த்து வெட்டுவது அங்கே சாதாரணம். அபெர்டீன், வடகிழக்கு ஸ்காட்லாந்துக் குடும்ப வரலாற்றுச் சங்கம் அந்தப் பக்கத்துக் கல்லறை எழுத்துகளைப் புத்தகங்களாகப் போட்டிருக்கிறது. இரண்டு, சொத்து. வெளிநாட்டில் இறந்தவருக்கு ஸ்காட்லாந்தில் பணம் இருந்திருந்தால் எடின்பரோ ஷெரிப் நீதிமன்றத்தில் பதிவாகியிருக்கும். பெர்குசன் இலங்கை டைரக்டரி என்ற பழைய விவரப் புத்தகத்தில் அவர் எந்தத் தோட்டத்தில் இருந்தார் என்பதையும் பாருங்கள்.

வேர்தேடி:
எல்லாம் பார்த்த பிறகும் ஃபோர்டூன்தான் வரும். பார்ப்போம்.

கொட்டகலைக்காரி:
பார்த்துவிட்டேன். ஃபோர்டூன் வில்லியம் 1868-ல் லாரன்ஸ்கர்க்கில் இறந்திருக்கிறார், கொல்லர். தகப்பன் பெயர், தாயின் பிறந்த வீட்டுப் பெயர் இரண்டும் ஞானஸ்நானப் பதிவோடு ஒத்துப்போகின்றன. மேரிகர்க் வில்லியம் 1851-ல் பெற்றோரோடு பண்ணையில் இருக்கிறார், 1861-ல் ஸ்காட்லாந்து முழுவதும் தேடியும் இல்லை. அவருக்கு ஐசபெல் என்று ஒரு தங்கை. எடின்பரோ அக்காவுக்கு ரொம்ப நன்றி. அம்மாவிடம் இன்று சொல்கிறேன்.

பழைய_ஏடு:
நல்ல வேலை. ஆனால் இன்னும் 'உறுதி' என்று எழுதாதீர்கள். வடகிழக்கில் எபிஸ்கோபல் என்ற வேறு சபைக் குடும்பங்கள் அதிகம், லாரன்ஸ்கர்க்கிலேயே அவர்களுக்குத் தனிக் கோயில் உண்டு. திருச்சபையை விட்டுப் பிரிந்த சபைகளும் இருந்தன. அவர்களுடைய பிள்ளைகளில் பலர் பங்குப் பதிவேட்டில் ஏறவே இல்லை. மூன்றாவது வில்லியம் ஒருவர் அங்கே இருக்கலாம். 1841, 1851 கணக்கெடுப்புகளில் கவுண்டி முழுவதும் அதே பெயர், அதே வயதில் வேறு பையன் இல்லை என்று பார்த்துவிட்டு, மேரிகர்க் பெற்றோரின் கல்லறையையும் தேடுங்கள். அதுவரை அம்மாவிடம் 'பெரும்பாலும் இவர்தான்' என்று சொல்லுங்கள்.

லயத்துப்_பிள்ளை:
கொட்டகலை அக்கா, ஐசபெல்லின் கல்யாணப் பதிவு கிடைத்தால் இங்கே ஒரு வரி போடுங்கள். அது எந்தக் கோயில் ஏட்டில் இருந்தது என்றும் எழுதுங்கள். எங்கள் வீட்டுக்கும் அங்கேதான் தேட வேண்டும்.