கணினி மேகத்துக்குப் போனபோது உங்களுக்கு என்ன நடந்தது?

இழையைத் தொடங்கியவர்

மொழிபெயர்ப்பு என் தொழில். ஒன்றரை ஆண்டாக நான் வேலை செய்யும் கணினி என் மேசையில் இல்லை. மேசையில் இருப்பது உள்ளங்கை அகலப் பெட்டி ஒன்று, ஒரு திரை, கீபோர்டு, மவுஸ், அவ்வளவுதான். லாகின் செய்தால் எங்கோ ஒரு தரவு மையத்தில் ஓடும் டெஸ்க்டாப் இந்தத் திரையில் வந்து நிற்கும். மேகம் என்பது இதைத்தான். பெட்டிக்குள் என் கோப்பு ஒன்றுகூடக் கிடையாது.

முதல் இரண்டு மாதம் வித்தியாசமே தெரியவில்லை. அப்புறம் ஒரு மாலை, வேலையை ஒப்படைக்க நாற்பது நிமிடம் இருக்கும்போது நெட் போனது. திரை சாம்பல் நிறமாக மங்கியது. பாதி அடித்திருந்த வாக்கியம் கண்முன்னால் அப்படியே இருக்கிறது. வாசிக்க முடிகிறது, தொட முடியவில்லை. நடுவில் ‘மீண்டும் இணைக்க முயல்கிறது’ என்று ஒரு சின்னக் கட்டம். இதுவும் மறைந்துவிடுமோ என்ற பயத்தில் போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்தேன். கையில் கிடைத்த தாளில் மீதியை எழுத ஆரம்பித்தேன். நான் எழுதியதை நானே படம் பிடித்துக் காப்பாற்ற வேண்டியிருந்ததே, அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. அரை மணி கழித்து நெட் வந்ததும் பார்த்தால், கர்சர் அதே சொல்லின் நடுவில் துடித்துக்கொண்டிருந்தது. ஓர் எழுத்தும் தொலையவில்லை. என் பழைய கணினியில் மின்சாரம் போனபோதெல்லாம் இப்படி மிஞ்சியதில்லை.

2021 ஆகஸ்ட்டில் மைக்ரோசாப்ட், மேகத்தில் ஓடும் விண்டோஸ் கணினியைச் சந்தாவுக்குத் தரும் விண்டோஸ் 365 சேவையை நிறுவனங்களுக்காக வெளியிட்டது. இலவசமாகப் பார்க்க வந்த கூட்டத்தைத் தாங்க முடியாமல், ஒரே நாளில் அந்தச் சலுகையை நிறுத்திவைத்தார்கள். 2023 ஜூனில், கேம் நிறுவனமான ஆக்டிவிஷனை மைக்ரோசாப்ட் வாங்குவது பற்றிய வழக்கில், மைக்ரோசாப்ட்டின் உள் ஆவணம் ஒன்று வெளியே வந்தது. வீட்டில் பயன்படுத்துபவர்களுக்கும் முழு விண்டோஸை மேகத்திலிருந்தே, எந்தக் கருவிக்கும் அனுப்ப வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. முதல் செய்தி வந்தபோது எனக்கு ஆர்வமாக இருந்தது. இரண்டாவதைப் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது. அலுவலகம் தரும் கருவி வேறு, வீட்டில் நான் வாங்கிவைத்த கணினி வேறு. உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள், நல்லதோ கெட்டதோ.

மறுமொழி 1

எனக்கு முழு டெஸ்க்டாப்பும் போகவில்லை, கோப்புகள் மட்டும் போயின. போனதே தெரியாது என்பதுதான் விஷயம். புது லேப்டாப்பை முதல்முறை திறந்தபோது கணக்கு கேட்டது, கொடுத்தேன். அடுத்தடுத்து வந்த கட்டங்களில் ‘சரி’, ‘சரி’ என்று அழுத்திக்கொண்டே போனேன். ஆறு மாதம் கழித்து ‘இடம் நிறைந்துவிட்டது, சந்தா கட்டுங்கள்’ என்று வர ஆரம்பித்தது. என் ஹார்டு டிஸ்க்கில் பாதிக்கு மேல் காலியாக இருக்கிறதே, எந்த இடம் நிறைந்தது என்று குழம்பினேன். டெஸ்க்டாப், ஆவணங்கள், படங்கள் மூன்றும் மேகச் சேமிப்புச் சேவையின் கோப்புறைக்குள் போய் உட்கார்ந்திருந்தது அப்போதுதான் தெரிந்தது.

கோபத்தில் பேக்கப்பை அணைத்தேன். டெஸ்க்டாப் துடைத்துவிட்டது போல ஆனது. இருந்தது ஒரே ஒரு ஷார்ட்கட். அப்பா உயிரோடு இருந்த கடைசி வருடத்துப் படங்கள் அதில்தான் இருந்தன. கை நடுங்கியது. தேடிப் பிடித்தபோது படங்களின் பெயர்கள் இருந்தன, பக்கத்தில் சின்ன மேகக் குறி. படம் அங்கே, இங்கே பெயர் மட்டும். இப்போது ஒவ்வொரு கோப்புறையாக ‘இந்தக் கருவியில் எப்போதும் வை’ என்று கொடுத்து இறக்கிக்கொண்டிருக்கிறேன்.

மறுமொழி 2

எனக்கு நேர்மாறு. ஆய்வேட்டைக் கொடுக்க மூன்று நாள் இருக்கும்போது லேப்டாப் கீழே விழுந்து டிஸ்க் போய்விட்டது. நான் வேலை செய்தது மேகக் கணினியில் என்பதால், தோழியின் கணினியில் பிரவுசரைத் திறந்து அதற்குள் லாகின் செய்தேன். திறந்துவைத்த ஜன்னல்கள்கூட அதே வரிசையில் இருந்தன. அழுதுவிட்டேன். மேகத்தை யார் திட்டினாலும் எனக்கு அந்த இரவுதான் நினைவுக்கு வரும்.

மறுமொழி 3

எனக்குப் பார்வை இல்லை. திரையில் இருப்பதைப் பேசிக் காட்டும் திரைவாசிப்பான் என்ற மென்பொருள் வழியாகத்தான் கணினி. பார்ப்பவர்களுக்குச் சின்னத் தாமதம் கண்ணில் படாமல் போகலாம். எனக்கு அது பேச்சு. கீழ் அம்புக்குறியை அழுத்துகிறேன், வரி உடனே காதில் விழ வேண்டும். மேகக் கணினியில் திரைவாசிப்பான் அங்கே ஓடி, அதன் குரல் ஒலியாகச் சுருக்கப்பட்டு இங்கே வருகிறது. நான் மூன்றாவது வரிக்குப் போயிருப்பேன், காது இன்னும் முதல் வரியில் இருக்கும். பேச்சை நிறுத்த கண்ட்ரோலைத் தட்டினால் அரைச் சொல் கூடுதலாகப் பேசிவிட்டுத்தான் நிற்கும். நாள் முழுக்க இப்படி வேலை செய்தால் மாலையில் தலை கனக்கிறது.

வேகமான நெட் வாங்குங்கள் என்றார்கள். வேகம் வேறு, தூரம் வேறு. கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு மில்லி விநாடியில் சுமார் 200 கி.மீ. போகும். தரவு மையம் 2,000 கி.மீ. தள்ளி இருந்தால் போய்வரவே 20 மில்லி விநாடி ஆகிவிடும். சுருக்குவது, விரிப்பது, வழியில் காத்திருப்பது எல்லாம் அதற்கு மேல்தான்.

குரலை அனுப்பாமல் சொல்லை அனுப்பி, என் கணினியிலேயே பேசவைத்தால் பெரிதும் சரியாகிறது. என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானின் 2025.1 பதிப்பில் அந்த வசதி உள்ளேயே வந்துவிட்டது. ஆனால் அந்தப் பக்கமும் என்விடிஏ இருக்க வேண்டும், அதை நிறுவ அனுமதி வேண்டும். எனக்கு அனுமதி கிடைக்க நான்கு மாதம் ஆனது. என் மேசையிலேயே இருந்த கணினியில் யாரையும் கேட்காமல் பத்து நிமிடத்தில் நிறுவியிருப்பேன்.

மறுமொழி 4

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. என் கணினி 11-க்குத் தகுதியில்லை என்று சொல்லிவிட்டது. கூடுதலாக ஓர் ஆண்டு பாதுகாப்புத் திருத்தங்களைக் காசு கொடுக்காமல் பெற அப்போது இருந்த ஒரு வழி, மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை மேகத்தில் பேக்கப் எடுப்பது. அதுவரை கணக்கே இல்லாமல் ஓட்டியவன் நான். நுழைந்தேன், பாதுகாப்பு முக்கியம். மனசு ஒப்பவில்லை.

இழையைத் தொடங்கியவர்

மூன்றாவதாக எழுதியவருக்கு: அந்த நான்கு மாதம் என்னை மிகவும் சங்கடப்படுத்தியது. எங்கள் இடத்திலும் இப்படிக் காத்திருப்பவர் இருக்கிறாரா என்று நாளைக்கே கேட்கிறேன். முதலாவதாக எழுதியவரே, அப்பாவின் படங்கள் எல்லாம் இறங்கிவிட்டனவா?

மறுமொழி 1

இன்னும் இல்லை. 2,140-ல் 1,806 வந்திருக்கின்றன. முடியும்வரை லேப்டாப்பை மூடவில்லை. வந்ததை எல்லாம் தனி டிஸ்க்கிலும் ஏற்றிக்கொண்டே வருகிறேன்.