புதுப்பிப்பு: 1999 போகிமான் சாரிஸார்ட் ஹோலோ (படத்தில் மின்னும் ஃபாயில் உள்ள) கார்டு

இந்தக் கார்டு முதல் பதிப்புதானா என்று அறிய, அதில் அச்சடித்திருக்கும் முதல் பதிப்பு முத்திரையை மட்டும் பார்த்தால் போதும் என்று முந்தைய பதிவில் எழுதியிருந்தது. போதாது. போகிமான் பேஸ் செட் 4/102 (102 கார்டுத் தொகுப்பில் 4ஆம் எண்) கார்டான இதில் முத்திரையைப் போலியாக அச்சடித்து விற்கிறார்கள்.

முதலில் படச் சட்டத்தின் வலது ஓரத்தைப் பாருங்கள். அங்கே சாம்பல் நிழல் விழுந்திருந்தால் அது பிந்தைய அச்சு. ஆங்கில முதல் பதிப்பு சாரிஸார்டில் நிழல் வராது. (அதே செட்டில் மச்சாம்ப் கார்டு மட்டும் விதிவிலக்கு, அதில் நிழலோடும் முத்திரை உண்டு.) அடுத்து, அடியில் உள்ள காப்புரிமை வரி: நிழலில்லாததில் ‘1995, 96, 98, 99’ என்றிருக்கும். பிந்தையதில் அந்த 99 இல்லை.

கார்டு வளைவது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். காகிதம் ஈரம் உறிஞ்சி விரியும், மேலுள்ள ஃபாயில் விரியாது, அதனால்தான் வளைகிறது. புத்தகத்துக்கு அடியில் வைத்து அழுத்தாதீர்கள், ஃபாயிலில் கோடு விழும். மென்உறை போட்டு, டாப்லோடரில் (கெட்டியான பிளாஸ்டிக் உறையில்) 45–50% ஈரப்பதத்தில் வையுங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லை அள்ளிப் போட்டால் எதிர்ப்பக்கம் வளையும்.

வாங்கும்போது கீறலைச் சாய்ந்த வெளிச்சத்தில்தான் தேட வேண்டும். நேர்வெளிச்சத்தில் எடுத்த விற்பனைப் படத்தை நம்பி விலை பேசாதீர்கள். பின்பக்க விளிம்பு வெளுத்திருக்கிறதா என்பதற்கும் தனிப்படம் கேளுங்கள்.