ஓஷினன் ஏரி: அம்மாவுடன் நடக்கலாமா?

கேள்வி:
ஜூலையில் அம்மாவுடன் சுவிட்சர்லாந்து போகிறேன். அம்மாவுக்கு 62 வயது, மூட்டு வலி உண்டு. காண்டர்ஸ்டெக் பக்கம் இருக்கும் ஓஷினன் ஏரிக்கு அவரால் வர முடியுமா? காட்டு விலங்கு ஏதாவது கண்ணில் படுமா?

பதில் 1:
தாராளமாகக் கூட்டிப் போங்கள். ஊரிலிருந்து ரோப்கார் மேலே கொண்டு விடும். அங்கிருந்து அரை மணி நேர நடை. போகும்போது இறக்கம், திரும்பும்போதுதான் ஏற்றம். மூட்டு வலிக்காரர்கள் அதற்குத் தெம்பை மிச்சம் வைக்க வேண்டும். ஏரி 1,578 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எப்போதோ மலை சரிந்து பள்ளத்தாக்கை அடைத்ததால் உண்டானது. பனியாறு அரைத்துக் கொண்டுவரும் பாறைத்தூள் தண்ணீரில் கலந்திருப்பதால்தான் அந்தப் பால் கலந்த நீலம்.

அம்மா கரையில் இளைப்பாறட்டும், நீங்கள் ஹோய்பெர்க் பாதையில் ஏறுங்கள். மேலிருந்து பார்த்தால் ஏரி முழுதாகத் தெரியும், எதிரே புளூம்லிசால்ப் பனிச்சிகரங்கள். என்னைக் கேட்டால் கரையைவிட அந்த இடம்தான் அழகு. ஓரிடத்தில் பாதை குறுகலாக இருக்கும், பக்கத்திலேயே செங்குத்தான பள்ளம். நல்ல பிடிப்புள்ள ஷூ அவசியம்.

பதில் 2:
மேலே புல்வெளியில் விசில் சத்தம் கேட்டால் அப்படியே நில்லுங்கள், அது மர்மோட், வளையில் வாழும் பெரிய அணில் வகை. கழுகைக் கண்டால் ஒன்று கத்தும், மற்றவை வளைக்குள் பாய்ந்துவிடும். தயவுசெய்து பிஸ்கட் போடாதீர்கள். அப்புறம், தென்பக்கம் ஸ்பிட்சே ஸ்டெய் பாறை நகர்ந்துகொண்டிருப்பதால் சில பாதைகளை மூடியிருக்கிறார்கள். பலகையைப் பார்த்துவிட்டு நடங்கள்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. கரையில் வாடகைப் படகு உண்டா? அம்மாவுக்கு அது பிடிக்கும்.

பதில் 1:
கோடையில் துடுப்புப் படகு கிடைக்கும். காலையிலேயே போய்விடுங்கள், மதியம் கூட்டம் அதிகம்.