சர்வீஸ் எஸ்டிமேட் 2,930 ரூபாய்: கம்பெனியில விடறதா, நாமளே பண்றதா?

வேளச்சேரி_150

வண்டி 2021 மாடல், 150 சிசி, எஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாத ஃபியூவல் இன்ஜெக்‌ஷன்), முன்னாடி ஏபிஎஸ் (பிரேக் பிடிச்சா சக்கரம் லாக் ஆகாம பார்க்கிற வசதி). 31,000 கி.மீ. ஓடியிருக்கு, வாரண்டி முடிஞ்சாச்சு. தினமும் சென்னை வேளச்சேரியிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட் வரைக்கும் போய் வர்ற வண்டி, பாதி தூரம் செகண்ட் கியர்லயே போகும். இப்போதைக்கு கோளாறு எதுவும் இல்ல, வழக்கமான சர்வீஸ்தான். ஷோரூம்ல கொடுத்த எஸ்டிமேட்:

ஆயில் 480, ஆயில் ஃபில்டர் 90, ஏர் ஃபில்டர் 260, எஞ்சின் ஃப்ளஷ் 250, கன்ஸ்யூமபிள்ஸ் 80. இதெல்லாம் வரியோட. அப்புறம் லேபர் 550, செயின் கிளீனிங் 150, த்ராட்டில் பாடி கிளீனிங் 350, டெஃப்லான் கோட்டிங் 450, இந்த நாலுக்கும் ஜிஎஸ்டி 270. மொத்தம் 2,930.

இதுல எது நிஜமாவே வேணும்? ஃபிளாட் பார்க்கிங்ல நானே பண்ணா எவ்வளவு மிச்சமாகும்? கையில டூல்ஸ் ஒண்ணும் கிடையாது. ஏர் ஃபில்டர் கடைசியா 16,000-ல மாத்தினது.

மவுண்ட்ரோடு_கியர்

ப்ரோ, எஸ்டிமேட்டை ரெண்டாப் பிரிச்சுப் பாருங்க. ஆயில், ரெண்டு ஃபில்டர், லேபர் சேர்த்து 1,380. லேபருக்கு 18 சதவீதம் வரி 99. ஆக 1,479. மீதி 1,451 ரூபாய் இல்லாமலே வண்டி நல்லா ஓடும்.

ஃப்ளஷ், அதாவது எஞ்சின் உள்பக்கத்தைக் கழுவ ஊத்தற திரவம், வேண்டாம். ஆயிலை நேரத்துக்கு மாத்துற எஞ்சினுக்கு அதுல பிரயோஜனம் இல்ல. எவ்வளவு வடிச்சாலும் கொஞ்சம் உள்ள தங்கும், அது புது ஆயிலைத்தான் நீர்க்க வைக்கும். டெஃப்லான்ங்கிறது பாலிஷ்தான், நம்ம ஊர் வெயில்லயும் தூசியிலயும் எத்தனை நாள் நிக்கும்னு நீங்களே பாருங்க. த்ராட்டில் பாடியை (எஞ்சினுக்குக் காத்தை விடற பகுதி) ஐடிலிங் ஏறி இறங்கினாலோ, சிக்னல்ல வண்டி ஆஃப் ஆனாலோ தொட்டா போதும். கன்ஸ்யூமபிள்ஸ்னா என்னன்னு கேளுங்க. பஞ்சு வேஸ்ட், கிரீஸுன்னு பதில் வந்தா, அது லேபர்லயே அடக்கம்னு சொல்லி எடுக்கச் சொல்லுங்க.

ஏர் ஃபில்டர்ல மட்டும் கஞ்சத்தனம் கூடாது. இப்ப வர்ற நிறைய வண்டியில எண்ணெய் பூசின பேப்பர் ஃபில்டர். அதை ஏர் அடிச்சு மறுபடி போடற பழக்கம் தப்பு. எண்ணெய்ப் படலம் போயிடும், பேப்பரும் கிழியும், அப்புறம் தூசி நேரா சிலிண்டருக்குப் போகும். 15,000 கி.மீ. ஆச்சுன்னா மாத்திடுங்க.

பில் வாங்கும்போது ஒண்ணு கவனிங்க. பார்ட்ஸ் விலையையும் வரியையும் தனித்தனியா போடுவாங்க. ரெண்டையும் கூட்டினா டப்பா மேல போட்டிருக்கிற எம்ஆர்பியைத் தாண்டக் கூடாது. 2025 செப்டம்பர் 22-லிருந்து டூவீலர் பார்ட்ஸுக்கு வரி 28-லிருந்து 18 சதவீதமா குறைஞ்சிருக்கு, பழைய விலையை நீட்டினா கேளுங்க. ஜாப் கார்டுல (செய்ய வேண்டிய வேலையை எழுதற தாள்), எழுதினதைத் தவிர வேற எது செஞ்சாலும் போன்ல கேட்டுட்டுத்தான் செய்யணும்னு எழுத வச்சுட்டு கையெழுத்து போடுங்க. பழைய ஃபில்டரையும் கேட்டு வாங்குங்க.

ஸ்பேனர்17

நீங்களே பண்ணா சாமான் (ஆயில், ரெண்டு ஃபில்டர்) செலவு 830, ட்ரெயின் போல்ட் (எஞ்சின் அடியில ஆயிலை வடிக்கிற போல்ட்) வாஷருக்கு ஒரு பத்து ரூபாய். மேல சொன்ன 1,479-ஓட பார்த்தா சுமார் 640 மிச்சம். ரிங் ஸ்பேனர் செட், 8, 10 டி-ஸ்பேனர், புனல், ட்ரே எல்லாம் சேர்த்து 1,500 வச்சுக்கோங்க, மூணாவது சர்வீஸ்லதான் லாபம் தெரியும். பணத்துக்காக மட்டும்னா யோசிங்க. எந்த ஆயில் எவ்வளவு ஊத்தினாங்கன்னு நிச்சயமா தெரியணும்னா பண்ணலாம்.

ஆயில் கிரேடு மேனுவல்ல என்னவோ அதேதான், கூட ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2-ன்னு (பைக் கிளட்ச்சுக்கு ஒத்துவர்ற ஆயிலோட தரக்குறி) கேன்ல போட்டிருக்கணும். கார் ஆயில் வீட்ல மிச்சம் இருக்குன்னு ஊத்தாதீங்க. பைக் கிளட்ச் ஆயில்லயே முங்கி ஓடுது, சில கார் ஆயில்ல வர்ற உராய்வு குறைக்கிற கலவை பட்டா வழுக்க ஆரம்பிச்சிடும்.

எஞ்சினை மூணு நிமிஷம் ஓட விட்டு ஆஃப் பண்ணுங்க. வெதுவெதுப்பா இருந்தா போதும், கொதிக்கக் கூடாது, பெண்ட் பைப் (எஞ்சின்லிருந்து சைலன்சருக்குப் போற குழாய்) பக்கத்துலதான் கை போகும். சமதரையில சென்டர் ஸ்டாண்டு, கீழ அட்டைப்பெட்டி விரிச்சு ட்ரே. ட்ரெயின் போல்ட்டைக் கடைசி ரெண்டு சுத்து கையால கழட்டுங்க. சில மாடல்ல ஸ்பிரிங்கும் சல்லடையும் கூடவே துள்ளி ட்ரேக்குள்ள விழும், வரிசையை முன்னாடியே போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. பத்து நிமிஷம் வடியட்டும். ஃபில்டருக்கு எந்தப் பக்கம் உள்ள போகணும்னு மேனுவல் படத்துல இருக்கும். திருப்பிப் போட்டா சில எஞ்சின்ல ஆயில் ஓட்டமே நின்னுடும். ஃபில்டர் மூடியோட ஓ-ரிங்கையும் (ரப்பர் வளையம்) புதுசா போடுங்க.

நிறைய பேர் கெடுக்கிற இடம் ட்ரெயின் போல்ட்தான். எஞ்சின் அடிப்பாகம் அலுமினியம், போல்ட் இரும்பு. நீள ஸ்பேனரை வச்சு ஓவரா இறுக்கினா மரை போயிடும். அப்புறம் ஹெலிகாயில் (புது மரைக்காகச் செருகற கம்பிச்சுருள்) போடணும், நாலு சர்வீஸ்ல மிச்சம் பிடிச்சது அங்கேயே காலி. புது வாஷர் போட்டு, கையால முழுசா ஏத்தி, குட்டை ஸ்பேனர்ல இறுக்கினா போதும். டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கறோம்னு அளக்கிற ஸ்பேனர்) இருந்தா மேனுவல்ல உள்ள எண், பல 150 சிசி வண்டிக்கு 20-லிருந்து 25 நியூட்டன் மீட்டருக்குள்ள வரும்.

ஒரு லிட்டர் கேனை அப்படியே கவிழ்க்காதீங்க. ஃபில்டர் மாத்தினா ஒரு அளவு, மாத்தாட்டி ஒரு அளவு, எஞ்சினைப் பிரிச்சா ஒரு அளவுன்னு மேனுவல்ல தனித்தனியா இருக்கும். 100 மி.லி. குறைச்சு ஊத்தி, ரெண்டு நிமிஷம் ஓட்டி, ஆஃப் பண்ணி மூணு நிமிஷம் கழிச்சு லெவல் பாருங்க. அப்புறம் மீதியைச் சேருங்க. டிப் ஸ்டிக்கைத் திருகிப் பார்க்கணுமா, சும்மா வச்சுப் பார்க்கணுமாங்கிறதும் மாடலுக்கு மாடல் மாறும்.

செயினுக்கு 150 ரூபாய் கொடுக்கவே வேண்டாம். மண்ணெண்ணெய்ல துடைச்சு, 90 நம்பர் கியர் ஆயில், 500 கி.மீ.க்கு ஒருதடவை. ஓ-ரிங் செயின்னா பெட்ரோல் படக் கூடாது, ரப்பர் கெட்டுடும். தளர்வு சுமார் 25 மி.மீ., சக்கரத்தைச் சுத்தி இறுக்கமான இடத்துல அளங்க.

வேளச்சேரி_150

தெளிவா இருக்கு. சாமான் நான் வாங்கிட்டு தெரு முனை மெக்கானிக்கிட்ட கொடுத்தா? புதுப்பேட்டையில பார்ட்ஸ் வாங்கலாமா?

பெரம்பூர்_கிக்கர்

தாராளமா கொடுக்கலாம், 200-லிருந்து 300-க்குள்ள வேலை முடியும். பக்கத்துலயே நில்லுங்க. கேனை நீங்களே திறந்து ஊத்துங்க, காலி கேனைக் குத்தி ஓட்டை போட்டு எடுத்துட்டு வாங்க. காலி கேனை ஓட்டை போடாம விட்டுட்டு வந்தா அதுல மறுபடி என்ன நிரப்புவாங்கன்னு தெரியாது.

புதுப்பேட்டை பழைய சாமானுக்கு. மட்கார்டு, சைடு பேனல், ஃபுட்ரெஸ்ட் ராடு, கிராப் ரெயில் மாதிரி வாங்கலாம். ஃபில்டர், பிரேக் பேட், பிளக் அங்க தேடாதீங்க. அதுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகள் இல்லன்னா கம்பெனி ஸ்பேர்ஸ் கவுன்டர், பார்ட் நம்பர் எழுதிட்டுப் போய் பில்லோட வாங்குங்க. அசலுக்கும் போலிக்கும் விலையில பெரிய வித்தியாசம் இருக்காத ஐட்டம்.

ஏபிஎஸ் பிரேக் ஆயில் லைன்ல ஏர் எடுக்கறது, எஞ்சின் செக் லைட் எரியறது, டாப்பெட் (வால்வு இடைவெளி சரிபார்க்கிறது), கோன் செட் (ஹேண்டில்பார் பேரிங்), இதெல்லாம் கம்பெனிக்கே விடுங்க. பிரேக் ஆயிலை ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை மாத்தணும், அது எஸ்டிமேட்லயே இல்ல பாருங்க. எப்ப மாத்தினதுன்னு பழைய பில்லைத் தேடுங்க. டெஃப்லானுக்குக் கொடுக்கிற காசை இதுக்குக் கொடுக்கலாம்.

இன்னொண்ணு, வேளச்சேரின்னு சொன்னதால. மழைத் தண்ணி சைலன்சருக்கு மேல ஏறி நின்னிருந்தா ஸ்டார்ட் பண்ணாதீங்க, தள்ளிட்டே போங்க. ட்ரெயின் போல்ட்டைக் கழட்டும்போது டீ கலர்ல கலங்கலா வந்தா உள்ள தண்ணி இருக்கு. மலிவான ஆயிலை ஊத்தி, சில நிமிஷம் ஓட விட்டு வடிக்கணும், கலங்கல் தெளியற வரைக்கும் அப்படியே. அதுக்கப்புறம்தான் நல்ல ஆயில்.

ஸ்பேனர்17

டாப்பெட் விஷயத்துல எனக்கு உடன்பாடு இல்ல. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) வச்சு, எஞ்சின் முழுசா ஆறினதும் பார்க்கத் தெரிஞ்ச லோக்கல் மெக்கானிக் எவ்வளவோ பேர் இருக்காங்க. காதால சத்தம் கேட்டு திருகறவர்கிட்ட மட்டும் விடாதீங்க.

நீங்களே மாத்தினா, வடிச்ச ஆயிலை ஏதாவது பழைய டப்பாவுல ஊத்தி மெக்கானிக் ஷெட்ல கொடுத்துடுங்க, பேரல்ல சேர்த்து வாங்கறவங்களுக்குப் போடுவாங்க. மழைநீர் வடிகால்ல மட்டும் ஊத்தாதீங்க.