ஆக்க இலக்கிய வகுப்பு முடிகிறது: மீள்நோக்குக் கட்டுரையை எப்படிக் கேட்பது?

இரணைமடு
கிளிநொச்சியில் மாலை நேரச் சிறுகதை வகுப்பு. 15 வாரம், 20 பேர், வயது பலதரம். கடைசி ஒப்படை 600 சொல்லில் ஒரு மீள்நோக்கு, 20 புள்ளி. "நிறையக் கற்றுக்கொண்டேன், சேருக்கு நன்றி" என்பதைத் தாண்டி ஒன்றும் வருவதில்லை. தங்கள் எழுத்தைத் தாங்களே பார்க்க வைக்க என்ன வழி?

முத்தையன்கட்டு
"என்ன கற்றீர்கள்" என்று கேட்டால் நன்றிக் கடிதம்தான் வரும். புள்ளி போடுகிறவரைப் பார்த்து எழுதுகிறார்கள், கதையைப் பார்த்து அல்ல.

முதல் பிரதியையும் கடைசிப் பிரதியையும் மேசையில் பக்கம் பக்கமாக வைக்கச் சொல்லுங்கோ. வெட்டியதற்குச் சிவப்பு, சேர்த்ததற்குப் பச்சை, இடம் மாற்றியதற்கு நீலம். இதை வீட்டுக்கு விடாமல் வகுப்பிலேயே 45 நிமிடத்தில் செய்விக்க வேணும். பிறகு மூன்று மாற்றங்களை மட்டும் தெரிவு செய்து, பழைய வசனம், புதிய வசனம் இரண்டையும் அப்படியே எழுதி, ஏன் மாற்றினேன், மாற்றியதால் எதை இழந்தேன் என்று ஒவ்வொன்றுக்கும் 150 சொல். மிச்ச 150 சொல் இன்னும் சரிவராத ஓர் இடத்துக்கு. எனக்கு அந்தப் பகுதிதான் முக்கியம். அதில் பாசாங்கு செய்வது கஷ்டம்.

உதாரணமாக, "அவள் மிகவும் கவலையாக இருந்தாள்" என்பது "அரிசியைக் களைந்து பானையில் போட்டவள் அடுப்பை மூட்ட மறந்திருந்தாள்" என்று மாறியிருக்கலாம். "இப்போது நன்றாக இருக்கிறது" என்றால் புள்ளி இல்லை. "கவலையைச் சொல்லாமல் செய்கையில் வைத்தேன், ஆனால் மறதிக்குக் காரணம் தெரிய முன்பக்கத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டி வந்தது" என்றால் அது மீள்நோக்கு.

பெரிய சிக்கல் போனில் தட்டுகிறவர்களுக்கு. பழையதன் மேலேயே திருத்துவதால் முதல் பிரதியே இருக்காது. கூகுள் டொக்ஸ் என்றால் பதிப்பு வரலாற்றில் எடுக்கலாம். மற்றவர்கள் வட்சப் குழுவில் போட்டதைத் தேடட்டும், அல்லது வகுப்பில் குறிப்பெழுதித் திருப்பிக் கொடுத்த போட்டோக்கொப்பியை. அடுத்த செமஸ்டரில் முதல் வாரமே சொல்லிவிடுங்கோ: ஒவ்வொரு திருத்தமும் தனிக் கோப்பு, பெயரில் திகதி.

நெடுங்கேணி
பாத்திரங்களின்ர பேச்சையும் பாக்கச் சொல்லுங்கோ. முதல் பிரதியில "சூடடிக்கேக்க மழை வந்தா என்ன செய்யிறது?" எண்டு கேக்கிற கமக்காரன், கடைசிப் பிரதியில மேடைப் பேச்சாளர் மாதிரிக் கதைப்பார். திருத்தம் எண்டாலே செந்தமிழாக்கிறது எண்டு நினைக்கினம். அப்பிடி மாத்தின ஒரு உரையாடலை வாய்விட்டு வாசிச்சு, திருப்பி வைக்கிறதோ இல்லையோ எண்டு காரணத்தோட எழுதட்டும்.

வற்றாப்பளை
இடப்பெயர்வு, 2009, காணாமல் ஆக்கப்பட்டவர்கள் பற்றிய கதைகள் உங்கள் வகுப்பிலும் கட்டாயம் இருக்கும். அங்கே மீள்நோக்கு சம்பவத்துக்குள் போகக்கூடாது. "இது உண்மையா, எழுதியதால் மனம் ஆறியதா" என்ற கேள்விகள் வேண்டாம். ஒருவரின் துயரத்துக்குப் புள்ளி போடுகிற நிலை எந்த ஆசிரியருக்கும் வரக்கூடாது. "நான்" என்று தொடங்கிய கதை ஏன் "அவள்" ஆனது, ஷெல் விழுந்த நாளில் தொடங்காமல் பங்கர் வெட்டிய நாளில் ஏன் தொடங்கியது என்று கதையின் வேலையைக் கேளுங்கோ. வேறொரு கதையை வைத்து எழுதும் உரிமையும் வேணும், காரணம் கேட்காமல். சம்மதம் இல்லாமல் வகுப்பில் வாசிக்கவோ மலரில் போடவோ வேண்டாம். உறவினரின் உண்மைப் பெயர் கதையில் இருந்தால் அந்தக் குடும்பத்தையும் கேட்க வேணும்.

இரணைமடு
நன்றி. 20 புள்ளியை எப்படிப் பிரிப்பது? 2000 சொல் கதைக்கு 45 நிமிடம் காணுமா?

முத்தையன்கட்டு
வசனங்களை எடுத்துக் காட்டியதற்கு 6, காரணத்துக்கு 9, சரிவராத இடத்துக்கு 5. வகுப்பைப் புகழ்ந்ததற்கும் குறை சொன்னதற்கும் ஒன்றுமில்லை; அதைப் பெயரில்லாத தனித்தாளில் வாங்குங்கோ. முழுக்கதைக்கும் 45 நிமிடம் காணாது. முதல் பக்கம், கடைசிப் பக்கம், நடுவில் அவர்கள் விரும்பிய ஒரு பக்கம், அவ்வளவும் போதும்.