டேனரி (தோல் பதனிடுற ஆலை) கழிவுநீர் நிலையத்துல பயிற்சி கிடைக்க வழி சொல்லுங்க

அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். பி.எஸ்சி. இண்டஸ்ட்ரியல் கெமிஸ்ட்ரி இரண்டாம் வருஷம் படிக்கிறேன், ஊர் ஆம்பூர் பக்கம். தண்ணீர் கடினத்தன்மைக்கு இ.டி.டி.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டா விட்டு அளக்குற டைட்ரேஷன் கை பழகிடுச்சு. ஒயின் ரெட் மாறி நீலம் வர்ற அந்தச் சொட்டைப் பிடிச்சிடுவேன். ஆனா தோல் பதனிடுறப்போ வர்ற குரோம் கழிவுநீர்ல பி.எச். (கார அளவு) ஏத்தி, குரோமியத்தை ஹைட்ராக்சைடா படிய வைக்கிறது புத்தகத்தோட சரி. டேங்க் பக்கத்துல நின்னு பார்த்ததே இல்லை.

மே லீவுல வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் சுத்திகரிப்பு நிலையத்துல பயிற்சிக்கு எடுப்பாங்களா? யாரைப் பார்க்கணும்? காலேஜ் லெட்டர் போதுமா? சம்பளம் வேண்டாம்.

அப்புறம், ஹீட் எக்ஸ்சேஞ்சர் (வெப்பத்தை ஒரு திரவத்துலேர்ந்து இன்னொண்ணுக்கு மாத்துற கருவி) கணக்கு ரொம்ப உதைக்குது. தமிழ்ல சொல்லித்தர யாராவது இருந்தா இன்பாக்ஸ் வாங்க. "கெமிக்கல் இன்ஜினியரிங்கே எடுத்திருக்கலாமே"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க, வீட்லயே நிறைய கேட்டாச்சு.